க்ளோயிக்கு ஒரு தோழி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஆலன் டி பாட்டனின் ‘எஸ்ஸேஸ் இன் லவ்’ நாவலைப் பற்றி வெளிவந்த அறிமுகக் கட்டுரையையும், அதைத் தொடர்ந்து வாரந்தோறும் அச்சாகிவரும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்துவருகிறேன். 1993இல் வெளிவந்த ஓர் ஆங்கில நாவலுக்காக, முப்பது ஆண்டுகள் கடந்த பிறகு, நம் ஊர் வாசகர்கள் இப்படி வரிந்து கட்டிக்கொண்டு வாதாடுவது மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் பெரும்பாலான கடிதங்கள் அந்த நாவலின் மீது சுமத்தும் குற்றம் வேறு, அது உண்மையில் செய்திருக்கும் குற்றம் வேறு என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்லவே இக்கடிதம். சற்று நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் எங்கே வெட்டுவது என்பதைத் தங்கள் பொறுப்பில் விடுகிறேன்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாரிஸிலிருந்து லண்டனுக்குப் பறக்கும் விமானத்தில் அடுத்தடுத்த இருக்கைகளில் அமரும் ஓர் இளைஞனும் க்ளோயி என்ற பெண்ணும் காதல் கொள்கிறார்கள். பழகுகிறார்கள், சச்சரவு செய்கிறார்கள், மெல்லச் சலிக்கிறார்கள். அவனோடு வேலை பார்க்கும் வில் என்பவனிடம் அவள் மனம் செல்கிறது. மீண்டும் ஒருமுறை பாரிஸிலிருந்து லண்டனுக்கு இருவரும் விமானத்தில் திரும்பிக்கொண்டிருக்கும்போது அந்த உண்மை வெளிப்பட்டு உறவு முறிகிறது. அவன் சாக முயன்று, பிழைத்து, துவண்டு, தேறி, கடைசியில் வேறொரு பெண்ணைச் சந்திக்கிறான். கதை இவ்வளவுதான். அதைச் சொல்லியிருக்கும் முறைதான் வாசகர்களை இரண்டு கட்சியாக்கியிருக்கிறது. பத்திகளுக்கு எண் போட்டு, பிளேட்டோவையும் பிரெஞ்சு நாவலாசிரியர் ஸ்டெந்தாலையும் மட்டுமல்லாமல் நகைச்சுவை நடிகர் க்ரவுச்சோ மார்க்ஸையும்கூடத் துணைக்கு அழைத்துக்கொண்டு, ‘எனக்கு இப்போது என்ன நேர்கிறது, ஏன் நேர்கிறது’ என்று கதைசொல்லியான அந்த இளைஞன் ஒவ்வொரு கட்டத்திலும் தன்னைத்தானே விசாரித்துக்கொண்டே போகிறான். விமானத்தில் அவளருகே தனக்கு இடம் அமைவதற்கான வாய்ப்பு எத்தனையில் ஒன்று என்று தசமப் புள்ளி விடாமல் கணக்குப் போட்டு வைக்கிறான். நூல் வெளிவந்தபோது ஆசிரியருக்கு வயது 23. (ஒரு கடிதம் அவரைப் பிரெஞ்சு எழுத்தாளர் என்கிறது. அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் 1969இல் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்து, ஆங்கிலத்தில் எழுதுபவர்.)

கடிதங்களில் ஓங்கி ஒலிக்கும் குற்றச்சாட்டு, காதலை இப்படி அறுத்துப் பார்க்கலாமா என்பது. பூவை இதழ் இதழாகப் பிய்த்துப் போட்டுவிட்டு மணம் எங்கே என்று தேடும் வேலை இது என்று சிதம்பரம் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அத்தோடு நில்லாமல், தமிழ் மரபு காதலை உணர்ந்து பாடியதே தவிர ஒருநாளும் ஆராய்ந்ததில்லை என்றும் முடிவு கட்டுகிறார். மேனிலைப் பள்ளியில் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவள் என்பதால் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

தொல்காப்பியத்தில் மணத்துக்கு முந்திய மறைவான காதலைப் பேசும் களவியலையும், மணவாழ்வைப் பேசும் கற்பியலையும், உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பார்த்தவர் எவரும் இப்படி எழுத மாட்டார். வேட்கையில் தொடங்கிச் சாக்காடு வரை காதலின் நிலைகளை அது வரிசைப்படுத்துகிறது. ‘நோக்குவ எல்லாம் அவையே போறல்’, அதாவது காண்பன எல்லாம் காதலித்தவராகவே தோன்றுவது, அவற்றுள் ஒரு நிலை. பத்திக்குப் பத்தி எண் போடும் டி பாட்டனுக்கும் இதற்கும் மனப்பாங்கில் அப்படியொன்றும் பெரிய தூரமில்லை. ஒத்த தலைவனும் தலைவியும் ஒருவரையொருவர் காண்பது ‘உயர்ந்த பாலது ஆணை’யால், அதாவது ஊழின் கட்டளையால், நிகழ்கிறது என்று நம் இலக்கணம் சொல்கிறது. இவள் என் பக்கத்து இருக்கைக்கு வந்தது எப்படி என்று விமானத்தில் அமர்ந்துகொண்டு அந்த இளைஞன் கேட்பதும் அதே கேள்விதான். கணக்கைப் போட்டு, இவ்வளவு அரிய நிகழ்ச்சி விதியில்லாமல் எப்படி நடக்கும் என்று முதலில் தன்னை நம்பவைத்துக்கொள்கிறான். பிறகு, யாரையேனும் காதலிக்கத் துடித்த தன் தவிப்பைத்தான் இவளையே காதலிக்கப் பிறந்தோம் என்ற விதியாக எடுத்துக்கொண்டுவிட்டோம் என்று தானே கண்டுகொள்கிறான். இந்த இடம் நாவலின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்று என்பது என் கருத்து. பாலின் ஆணையை மறுக்கும் ஒருவன், மறுத்துக்கொண்டே அதற்குக் கட்டுப்படுவதை நாம் பார்க்கிறோம்.

இதைவிடப் பொருத்தமான சான்று ஒன்று உண்டு. ‘இறையனார் அகப்பொருள்’ என்ற களவியல் நூலில் இருப்பவை 60 சூத்திரங்கள்தாம். அதற்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை அந்நூலினும் பன்மடங்கு பெரியது. நமக்குக் கிடைத்திருக்கும் தமிழ் உரைநடைகளில் மிகப் பழையது, எட்டாம் நூற்றாண்டை ஒட்டியது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அதன் தொடக்கத்தில் முதல் சந்திப்பை உரைகாரர் விவரிக்கும் விதத்தை டி பாட்டனின் முதல் அத்தியாயத்தோடு சேர்த்து வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும். சோலையில் தோழியர் கூட்டமாகிய ஆயத்தாரோடு விளையாட வந்த தலைவி தனியே நிற்க நேர்வது எப்படி? அவள் மற்றவரோடு இருப்பாள் என்று ஒவ்வொருத்தியும் நினைத்து, பூப்பறிக்கவும் மயிலாடல் காணவும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து போகிறார்கள். வேட்டைக்கு வந்த தலைவனும் அவ்வாறே தன் இளையரிடமிருந்து பிரிகிறான். ஒரு சந்திப்பு நிகழ வேண்டுமானால் எத்தனை பேர் எத்தனை திசையில் விலகியாக வேண்டும் என்று உரைகாரர் நிதானமாக அடுக்கிக்கொண்டே போய், ஊழை வகுக்கும் பால்வரை தெய்வத்திடம் வந்து நிற்கிறார். பிறகு தானே ஐயத்தை எழுப்பித் தானே விடை சொல்லி, அந்த விடையின் மீது மறுபடி ஓர் ஐயத்தை எழுப்பி, காதலை வழக்காடு மன்றத்தில் ஏற்றியதுபோல் விசாரிக்கிறார். தமிழ் உரைநடை நம் கைக்கு வந்து சேரும்போதே காதலை ஆராய்ந்துகொண்டுதான் வருகிறது.

அந்த உரை சொல்லும் ஒரு கதையும் இங்கே நினைக்கத் தக்கது. புலவர்கள் ஆளுக்கோர் உரை கண்டு, எது மெய்யுரை என்பதில் பூசல் எழுந்தபோது, தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்டவன் உருத்திரசன்மன் என்ற ஐந்து வயதுப் பிள்ளை. அதுவும் பேச்சு வராதவன். மற்றவர்கள் உரையைக் கேட்டு வாளா இருந்த அவன், மருதன் இளநாகனார் உரையில் சிற்சில இடங்களில் கண்ணீர் உகுத்து மெய்சிலிர்த்தான். நக்கீரர் உரைக்கோ சொல்தோறும் அப்படியே செய்தான். வாசகர் கருத்து என்று நமக்குத் தெரிந்த வரையில் இதுதான் முதல் பதிவு என்று நான் வகுப்பில் விளையாட்டாகச் சொல்வதுண்டு. அந்தப் பிள்ளையை அழவைத்தது காதல் பாட்டு அன்று, காதலைப் பற்றிய ஆராய்ச்சி. ஆகவே ஆராய்ந்தால் உணர்ச்சி செத்துப்போகும் என்ற அச்சம் சிதம்பரம் வாசகருக்கு வேண்டாம்.

‘இது நாவலே அல்ல, கட்டுரை’ என்ற நெய்வேலி வாசகரின் கருத்தில் நான் நெடுநேரம் நிற்கப்போவதில்லை. நாவல் என்பது இன்னதைத்தான் செய்யலாம் என்று எங்கும் சட்டம் எழுதி வைக்கப்படவில்லை. எங்கள் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன் மீதும் இதே குற்றச்சாட்டைக் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மாந்தர்கள் பக்கம் பக்கமாக வாதாடியதால் அவருக்கு வாசகர்கள் குறைந்துபோகவில்லை.

காதல் தோல்வியை இந்த நாவல் கேலி செய்கிறது, இளைஞர்கள் கையில் இதைக் கொடுக்கலாமா என்ற பண்ருட்டிக் கடிதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. க்ளோயி போன பிறகு கதைசொல்லி கைக்கு அகப்பட்ட மாத்திரைகளை அள்ளி விழுங்குகிறான். அவை நீரில் நுரைத்துப் பொங்கும் வைட்டமின் சி மாத்திரைகள். படிக்கிறவருக்குச் சிரிப்பு வருகிறது, அப்படிச் சிரிப்பது தகுமா என்ற தயக்கமும் உடன் வருகிறது. ஆனால் அந்த அத்தியாயத்தின் உயிர் அந்த வேடிக்கையில் இல்லை. அவள் வருந்தி அழ வேண்டும் என்பதற்காகச் சாக நினைத்தவனுக்கு, அவள் அழுவதைக் காணத் தான் இருக்கப்போவதில்லை என்ற எளிய உண்மை அப்போதுதான் உறைக்கிறது. எத்தனையோ அறிவுரைக் கூட்டங்களில் பிள்ளைகளிடம் சொல்லத் தெரியாமல் நாங்கள் தடுமாறிய செய்தி இது.

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டு அடித்த கிறுக்கல்களுக்கு நடுவே அம்பு துளைத்த இதயம் ஒன்று; அதன் கீழே, ‘காதல் போயின் சாதல் – பாரதியார்’. நம் மாநிலத்துச் சுவர்களிலும் திரைப்படச் சுவரொட்டிகளிலும் இந்த வரி பாரதியின் ஆணைபோலவே நிலைத்துவிட்டது. பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த காலத்தில், அந்நகரின் மேற்கே இருந்த மாஞ்சோலையைக் களமாக வைத்து எழுதிய ‘குயில் பாட்டு’ கவிதையில் அந்த வரியைப் பாடுவது கவிஞன் அல்லன், குயில். அந்தக் குயில் கவிஞனிடம் காதல் பேசிய கையோடு குரங்கிடமும் போய்க் காதல் பேசுகிறது, மாட்டிடமும் பேசுகிறது. பொறாமையில் வெகுளும் கவிஞனைப் பாரதி நமக்குச் சிரிக்கச் சிரிக்கக் காட்டுகிறார். இவ்வளவு நகையும் சூழ்ந்திருக்கும் இடத்திலிருந்து ஒரே ஒரு வரியைப் பிடுங்கி, அதைப் பிள்ளைகளுக்கு வேதவாக்காக்கியவர்கள் நாம். போதாக்குறைக்கு, அக்கவிதையின் முடிவில், இதற்கு வேதாந்தமாகப் பொருள் விரிக்க இடமிருந்தால் சொல்லுங்கள் என்று புலவர்களைச் சீண்டிவிட்டுப் போகிறார் பாரதி. காதலும் தத்துவமும் கேலியும் ஓரிடத்தில் கூடக் கூடாது என்றால், புதுச்சேரியில் பிறந்த அந்தக் கவிதையையும் பண்ருட்டி வாசகர் தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் நாவலுக்குச் சார்பாகச் சொன்னேன். இனி, கடிதங்கள் எதிலும் அழுத்தமாகப் பேசப்படாத குறைக்கு வருகிறேன்.

என்னிடம் இருக்கும் பிரதி புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், நடைபாதையில் குவித்திருந்த பழைய புத்தகங்களுக்கிடையே கிடைத்தது. எனக்கு முன்னால் அதை இருவர் படித்திருக்கிறார்கள். ஒருவர் நீல மையில், நேர்த்தியான சாய்வெழுத்தில், தமக்குப் பிடித்த பத்திகளின் ஓரத்தில் ‘உண்மை’ என்றும் ‘மிக உண்மை’ என்றும் எழுதிக்கொண்டே போயிருக்கிறார். மற்றவர் பென்சில்காரர்; வெகுநேரம் ஒன்றும் எழுதவில்லை. க்ளோயி வாங்கிவந்த காலணிகள் தனக்குப் பிடிக்கவில்லை என்று கதைசொல்லி தொடங்கும் சண்டை வளர்ந்து, காதலர்களுக்கிடையே கொடுங்கோன்மையும் சுதந்திரமும் பற்றிய அரசியல் தத்துவமாக விரியும் அத்தியாயத்தில், நீல மை மூன்று கோடு போட்டுப் பாராட்டியிருக்கும் பத்திக்குப் பக்கத்திலேயே, ‘இவன் செருப்பு எப்படி இருந்ததாம்?’ என்று பென்சிலில் ஒரு வரி. இன்னும் பல பக்கங்கள் தள்ளி, உறவு முறியும் இடத்தில், ‘இவளுக்கு வாயே இல்லையா?’ என்று இன்னொரு வரி. அந்தப் பென்சில்காரர் யாரோ எவரோ, தங்கள் இணைப்பில் வந்த கடிதங்கள் அனைத்தையும்விட நாவலை நன்றாகப் படித்தவர் அவரே என்பேன்.

க்ளோயி உடுத்துவது தெரியும், உண்பது தெரியும், அவள் சிரிப்பும் சிடுசிடுப்பும் தெரியும். எல்லாம் அவன் கண் வழியே. அவள் விலகியது குற்றமா இல்லையா என்று தீர்மானிக்க அவன் ஜெர்மன் தத்துவஞானி காண்டையும் பயன்பாட்டுவாதத் தத்துவக்காரர்களையும் சாட்சிக்கு அழைக்கிறான்; விலகியவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எப்போது அவளுக்குச் சலிப்புத் தட்டியது, விமானத்தில் அழுத அந்த அழுகை குற்றவுணர்விலா விடுதலையிலா, எத்தனை நாள் மனதில் வைத்துக்கொண்டு இவன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் நமக்குத் தெரியாமலே நூல் முடிகிறது.

நம் அகப்பாட்டு இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. அதில் யாரும் வெட்டவெளியில் பேசுவதில்லை. இது தலைவி தோழிக்குச் சொன்னது, இது தோழி தலைவனுக்குச் சொன்னது, இது வளர்த்த தாயான செவிலி பெற்ற தாயான நற்றாய்க்குச் சொன்னது, இது வழியில் கண்டோர் சொன்னது என்று ஒவ்வொரு பாட்டுக்கும் கூற்று உண்டு. தலைவன் தன் காதலைப் பெரிதாகப் பேசினால், கழறிக் கேட்க அவன் தோழனாகிய பாங்கன் இருக்கிறான். அவன் வரைவு நீட்டித்தால், அதாவது மணத்தைத் தள்ளிப்போட்டால், முகத்துக்கு நேரே இடித்துரைக்கத் தோழி இருக்கிறாள். அவள் வாய்க்கு அஞ்சாத தலைவன் அகப்பாட்டில் குறைவு. ஊருக்கும் ஒரு குரல் உண்டு, அலர் என்ற ஊர்ப்பேச்சு. இவர்களில் பலரைப் படைத்தவர்களும் ஆண் புலவர்களே என்று ஒருவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் பெண் புலவர்களான வெள்ளிவீதியாரும் ஔவையாரும் அதே தொகைகளில் இருக்கிறார்கள். ஆண் புலவர்களும்கூடப் பெண்ணின் நிலையில் நின்று பேசிப் பழகியாக வேண்டும் என்பது அம்மரபின் விதியாக இருந்தது. டி பாட்டனின் கதைசொல்லிக்கு அந்தப் பழக்கமே இல்லை. க்ளோயிக்கு இப்படி அவளுக்காகப் பேசும் ஒரு தோழி இருந்திருந்தால் இந்த நாவல் பாதிப் பக்கங்களில் முடிந்திருக்கும், அல்லது இரு மடங்கு நல்ல நாவலாகியிருக்கும்.

கதைசொல்லியின் குருட்டுத்தனத்தைக் காட்டுவதே ஆசிரியரின் நோக்கம், அவனைப் பார்த்து நாம் சிரிக்க வேண்டும் என்றே அவர் எழுதியிருக்கிறார் என்று விழுப்புரத்து மாணவர் ஒருவர் நாவலுக்காக வாதாடியிருந்தார். வந்த கடிதங்களில் கூர்மையானது அதுதான். அவருக்கு என் பாராட்டு. அவர் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். அவனைப் பார்த்துச் சிரிக்க ஆசிரியர் நமக்கு இடம் கொடுக்கிறார். ஆனால் சிரித்து முடித்தபின் அவள் பக்கம் திரும்பினால், அங்கே கேட்பதற்கு ஒன்றும் வைக்கப்படவில்லை.

இது பணக்கார நாட்டுக் காதல், நமக்கு எதற்கு என்று கேட்ட கடிதத்துக்கும் இங்கேதான் பதில் சொல்ல வேண்டும். அந்த வாசகரின் எரிச்சல் எனக்குப் புரிகிறது. 2003இல் விருத்தாசலம் அருகே, சாதி கடந்து மணந்துகொண்ட ஓர் இளம் இணையரைப் பெண்ணின் உறவினர்களே நஞ்சு கொடுத்துக் கொன்று எரித்தார்கள். கடலூர் நீதிமன்றம் அவ்வழக்கில் தீர்ப்பு வழங்கியபோது ஆண்டு 2021. இந்த மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, காலணிக்காகச் சண்டையிடும் காதலர்களைப் பற்றி 200 பக்கம் படிப்பது சிலருக்குக் கூசத்தான் செய்யும். ஆயினும் அதற்காக நாவலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. தாயும் தந்தையும் சாதியும் ஊரும் குறுக்கே நிற்காத காதலும்கூட இரண்டு பேருக்குள்ளேயே எப்படித் திணறும் என்பதை அது காட்டுகிறது. வெளிப்பகையை வென்று சேர்ந்தவர்கள் பிறகு அன்றாட வாழ்வில் தடுமாறும்போது, அதைப் பற்றிப் பேச நம்மிடம் சொல்லும் இல்லை, கேட்க ஆளும் இல்லை. ‘நீங்களாகத் தேடிக்கொண்டதுதானே’ என்ற ஒரே பேச்சில் வீட்டார் வாயை அடைத்துவிடுகிறார்கள். என்னிடம் படித்த பெண்கள் சிலர் இப்படி வந்து அழுததுண்டு. அவர்களுக்குக் காதலைப் பற்றி யோசிக்கச் சொல்லித்தரும் புத்தகம் எதுவானாலும் நான் எடுத்துக் கொடுப்பேன்.

அந்த வகையில், டி பாட்டன் இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து 2016இல் எழுதிய ‘தி கோர்ஸ் ஆஃப் லவ்’ நாவலைக் கடிதங்களில் ஒருவரும் குறிப்பிடாதது வியப்பளிக்கிறது. எடின்பரோ நகரில் ரபீஹ், கிர்ஸ்டன் என்ற இருவர் மணந்துகொள்கிறார்கள். காதலும் மணமும் சில பக்கங்களில் முடிந்துவிட, மீதி நாவல் முழுவதும் அதற்குப் பின்னர் நடப்பது. கண்ணாடிக் குவளை வாங்கப் போன இடத்தில் வரும் பிணக்கு, பிள்ளை வளர்ப்பு, களைப்பு, அவன் பெர்லினில் செய்யும் துரோகம், இருவரும் ஆலோசகர் முன் சென்று அமர்வது என்று போகிறது. தத்துவக் குறிப்புகள் நடுநடுவே சாய்வெழுத்தில் வருகின்றன. ஆனால் இம்முறை அவற்றைச் சொல்வது காதலன் அல்லன், கதைக்கு வெளியே நிற்கும் ஒரு குரல். அதனால் கிர்ஸ்டனின் மனதுக்குள்ளும் நாம் போக முடிகிறது. சிறு வயதில் தந்தை விட்டுப் போனவள் ஏன் காயப்படும்போது கத்தாமல் இறுகிப்போகிறாள் என்று புரிகிறது. மெருகும் சாமர்த்தியமும் முதல் நாவலில் அதிகம், நியாயம் இரண்டாவதில் அதிகம். ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் இரண்டாவதையே சொல்வேன்.

காதல் கதைகள் தொடக்கத்தோடு நின்றுவிடுகின்றன என்பதே இந்தப் பிந்தைய நாவல் முன்வைக்கும் அடிப்படையான மனக்குறை. நமக்கு அது அவ்வளவு புதிய மனக்குறை அன்று. காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் களவுக்கு வள்ளுவர் ஒதுக்கியவை 7. எஞ்சிய 18ம் கற்பியலுக்கு, அதாவது கூடியபின் வரும் பிரிவுக்கும் ஏக்கத்துக்கும் ஊடலுக்கும். அந்தப் பதினெட்டில் மிகுதியும் பேசுகிறவள் தலைவிதான். பேச ஆள் கிடைக்காதபோது தன் நெஞ்சையே எதிரில் நிறுத்தி அதனோடு சண்டை போடுகிறாள். புதுச்சேரியில் நெடுங்காலம் தங்கித் தமிழாராய்ந்த பிரான்சுவா குரோ இந்தக் காமத்துப்பாலைப் பிரெஞ்சில் பெயர்த்து 1992இல் பாரிஸில் வெளியிட்டார். க்ளோயியின் காதலன் பாரிஸில் விமானம் ஏறிய காலத்தை ஒட்டி அந்நகரத்துப் புத்தகக் கடைகளில் வள்ளுவர் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஓர் அற்ப மகிழ்ச்சி.

கடலூரில் ஓய்வு பெற்றவர்களும் சில இளையவர்களுமாக நாங்கள் நடத்தும் சிறு வாசகர் வட்டத்தில் இந்த நாவலை எடுத்துக்கொண்டு பேசினோம். ஆண்கள் பெரும்பாலும் எந்தெந்தத் தத்துவம் சரியாக எடுத்தாளப்பட்டிருக்கிறது என்பதில் மூழ்கிவிட்டார்கள். விமான இருக்கைக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த வங்கி அதிகாரி ஒருவர் தேநீர் ஆறும் வரை அதைவிட்டு நிமிரவில்லை. அதன்பின் பெண்களிடம் நான் ஒரு கேள்வி வைத்தேன்: விமானத்திலிருந்து இறங்கியதும் க்ளோயி தன் தோழிக்குப் போன் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள்? அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் சற்றும் யோசிக்காமல் சொன்னார்: “அவன் என்னப் பாத்ததவிட என்னப் பத்தி யோசிச்சதுதான்டி அதிகம்.” அதற்குமேல் ஆண்கள் பக்கத்திலிருந்து காண்ட் வரவில்லை. கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி மட்டும் ஒப்பவில்லை. யோசிக்கவாவது செய்தானே, தான் பார்த்த ஆண்கள் அதையும் செய்வதில்லை என்றாள். இருவருக்கும் இடையே வாதம் முற்றி, வட்டம் கலைந்தபின் வாசலில் நின்றும் தொடர்ந்தது.

இந்த வாதம் போன்ற ஒன்றைத் தங்கள் இணைப்பில் நான் இதுவரை காணவில்லை. அச்சான கடிதங்களின் கீழிருக்கும் பெயர்களைத் திரும்பப் பார்த்தேன். அத்தனையும் ஆண்களின் பெயர்கள். பெண்கள் எழுதவில்லையா, எழுதியும் இடம் கிடைக்கவில்லையா என்பது தங்களுக்கே தெரியும். முதலாவதுதான் காரணம் என்றால், அடுத்த ஞாயிறு இணைப்பில் பெண் வாசகர்களின் கருத்தைக் கேட்டு ஓர் அறிவிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் வட்டத்துச் செவிலியரும் கல்லூரி மாணவியும் தனித்தனியே எழுதித் தரச் சம்மதித்திருக்கிறார்கள். அவற்றை இக்கடிதத்தோடு சேர்க்காமல் அவரவர் பெயரிலேயே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இடம் ஒன்றுக்குத்தான் உண்டு என்றால் என்னுடையதை நிறுத்திவைத்துவிட்டு அவர்களுடையதை வெளியிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.